சோதனைச்சாவடிப் புராணம்

ஜப்பானின் தலையில் இரண்டு குண்டுகள் விழுந்த மறுவருடம். அமெரிக்க செனட் கமிட்டி ஒன்று கதவைச் சாத்திக்கொண்டு கூடியிருக்கிறது. எதிரே ராபர்ட் ஓப்பன்ஹைமர். குண்டைச் செய்தவரையே கூப்பிட்டு வைத்து, "அய்யா, மூன்று நாலு பேர் சேர்ந்து இதைத் துண்டு துண்டாகக் கடத்தி வந்து நியூயார்க்கை வெடிக்க வைக்க முடியுமா?" என்று கேட்டார்கள். முடியும் என்றார் அவர். நியூயார்க் என்ன நியூயார்க், எந்த ஊரை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற தோரணையில். செனட்டர்களுக்கு வியர்த்திருக்க வேண்டும். "சரி, ஊருக்குள் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க என்ன கருவி இருக்கிறது?"

ஓப்பன்ஹைமர் சொன்ன கருவி, ஸ்க்ரூ டிரைவர்.

ஒவ்வொரு பெட்டியாகத் திருகைக் கழற்றித் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அர்த்தம். ஒளித்து வைத்த குண்டைத் தேடும் துறை இத்தோடு முடிந்துபோயிருக்கலாம். ஆனால் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் எந்த அரசாங்கம்தான் நம்பும்? அது முறையான அறிக்கையாக வர வேண்டும். சில வருடம் கழித்து அமெரிக்க அணுசக்தி ஆணையத்துக்காக ராபர்ட் ஹாஃப்ஸ்டேட்டர், வுல்ஃப்காங் பனோஃப்ஸ்கி என்ற இரண்டு இயற்பியல் மேதைகள் அமர்ந்து அதை எழுதினார்கள். லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. காமா கதிர் பட்டால் மின்னும் சோடியம் அயோடைடு படிகத்தைக் கதிர்வீச்சு அளக்கும் கருவியாக்கியவர் ஹாஃப்ஸ்டேட்டர். 1961-ல் வேறொரு காரியத்துக்காக நோபல் பரிசும் வாங்கினார். இந்த இருவரின் அறிக்கைக்கு 'ஸ்க்ரூ டிரைவர் அறிக்கை' என்றே செல்லப்பெயர் நிலைத்தது. எழுதி முடித்ததும் அதற்கு ரகசிய முத்திரை குத்தி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதைப் படிப்பதற்கும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டிருக்கும்.

புராணம் என்றால் அசுரன் வேண்டும். யுரேனியம், புளூட்டோனியம், கோபால்ட் எல்லாம் இதில் துணை நடிகர்கள். உண்மையான அசுரனுக்கு ஒரு சீரியல் நம்பரும் வட்டமான ரப்பர் ஸ்டாம்பும் உண்டு. காகிதம் என்று பெயர்.

அவன் திருவிளையாடலைப் பார்க்க 1977-க்குப் போகலாம். மெக்சிகோவின் வட எல்லையில் சியுடாட் ஹுவாரெஸ் என்றொரு ஊர். ஒரு பாலத்தைத் தாண்டினால் டெக்சாஸின் எல் பாசோ. ஹுவாரெஸில் ஒரு தனியார் மருத்துவமனை, டெக்சாஸிலிருந்து ஒரு புற்றுநோய் சிகிச்சை இயந்திரத்தை செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே கோபால்ட்-60. சுமார் 6,000 குட்டிக் குட்டி மணிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவு. இறக்குமதி செய்ய அனுமதி கிடையாது, பதிவும் கிடையாது. அதைவிட முக்கியமாக, அதை இயக்கத் தெரிந்த ஆளே அந்த மருத்துவமனையில் கிடையாது. மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும் சீர்வரிசையில் காரை வாங்கி வாசலில் நிறுத்துவோமே, அந்த மாதிரி. இயந்திரம் கிடங்குக்குப் போனது. ஆறு வருடம் அங்கேயே தூங்கியது.

1983 டிசம்பர் 6-ஆம் தேதி மருத்துவமனையின் பராமரிப்பு ஊழியர் ஒருவர் அதைக் கழற்றினார். தேடிக்கொண்டிருந்த செனட் கமிட்டிக்குக் கிடைக்காத ஸ்க்ரூ டிரைவர் இவரிடம் இருந்தது. கனமான உலோகம், நல்ல விலைக்குப் போகும். ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக்கடைக்குக் கொண்டுபோனார். கோபால்ட் இருந்த உருளை ஏற்கெனவே ஓட்டையாகிவிட்டதால் மணிகள் வண்டியிலேயே உதிர ஆரம்பித்தன. கடையின் பெயர் 'யோங்கே ஃபெனிக்ஸ்'. சாம்பலிலிருந்து எழுந்து வருமே, அந்தப் பறவையின் பெயர். பெயர் வைத்தவருக்கு வருங்காலம் தெரிந்திருக்கிறது.

இரும்புக்கடையில் மின்காந்தக் கிரேன் உண்டு. கோபால்ட் காந்தத்துக்கு வசப்படும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கிரேன் ஒவ்வொரு முறை எழுந்து இறங்கும்போதும் கோபால்ட் மணிகள் கடை முழுக்க உள்ள இரும்போடு ஒட்டி உறவாடின. அந்த இரும்பு உருக்காலைகளுக்குப் போனது. ஒரு ஆலை கட்டடத்துக்கான கம்பி செய்தது. இன்னொன்று ஓட்டல் மேஜைகளுக்கு வார்ப்பிரும்புக் கால் செய்தது. கம்பியும் காலும் முறையான பில்லோடு, முறையான ஏற்றுமதிப் பத்திரத்தோடு, முறையாக லாரியில் ஏறி, முறையாக எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குள் நுழைந்தன. எல்லையில் சுங்க அதிகாரிகள் இருந்தார்கள். கஞ்சாவைத் தேடும் நாய்களும் இருந்தன. நாய்க்கு கோபால்ட் மணக்காது. காகிதத்தில் 'கம்பி' என்று எழுதியிருந்தது, லாரியில் கம்பிதான் இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். 1977-ல் டெக்சாஸிலிருந்து காகிதமே இல்லாமல் போன கோபால்ட், 1984-ல் சகல காகிதங்களோடும் மறுவீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பிக்கப் வண்டியை மறந்துவிட வேண்டாம். அது ரிப்பேராகி ஒரு குடியிருப்புத் தெருவில் வாரக்கணக்கில் நின்றது. சும்மா நிற்கும் வண்டியைப் பார்த்தால் தெருக் குழந்தைகள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள், ஏறி விளையாடினார்கள். பெரியவர்கள் சாய்ந்து நின்று ஊர்க்கதை பேசினார்கள். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அடுத்த காட்சிக்குப் போவோம்.

1984 ஜனவரி 16. ஹுவாரெஸ் கம்பியை ஏற்றிய லாரி ஒன்று நியூ மெக்சிகோ மாநிலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு வேறொரு சாலைக்குள் நுழைந்துவிட்டார். அந்தச் சாலை லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தின் வாசலுக்குப் போகிறது. உலகின் முதல் அணுகுண்டு பிறந்த வீடு. வாசலில் கதிர்வீச்சுக் கருவி ஒன்று பொருத்தியிருந்தார்கள். ஆய்வகத்துக்காரர்கள் யாராவது கதிரியக்கப் பொருளோடு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. வெளியிலிருந்து ஒருவன் கதிரியக்கத்தை லாரி லாரியாக உள்ளே கொண்டுவருவான் என்று யார் கண்டது? கருவி அலறியது. குண்டு செய்கிறவர்களே பயந்துபோய் ஓடிவந்து பார்த்தால் உள்ளே கட்டுமானக் கம்பி.

சில நாட்களுக்குள் கம்பியிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து இரும்புக்கடைக்கும், கடையிலிருந்து மருத்துவமனைக் கிடங்குக்கும் துப்புப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஆரம்பித்தது அறுவடை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மேஜைக் கால்களைத் தேடி ஓட்டல் ஓட்டலாக ஆள் போனது. ஹுவாரெஸ் மேல் ஹெலிகாப்டர் விட்டு, சாலையோரம் சிந்திக் கிடந்த மணிகளைக் காமா கதிரை வைத்தே தேடிப் பொறுக்கினார்கள். மெக்சிகோவில் 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைச் சோதித்ததில் 814 கட்டடங்களைப் பாதியாகவோ முழுதாகவோ இடிக்க வேண்டியிருந்தது. அந்த வீடுகளைக் கட்டியவர்களில் எத்தனை பேர் வங்கியில் கடன் வாங்கியிருப்பார்கள் என்று எந்த அறிக்கையிலும் தேடிப் பார்க்காதீர்கள். இருக்காது. இவ்வளவையும் வெளியே கொண்டுவந்தவர் வழி தவறிய ஒரு லாரி ஓட்டுநர். அவருக்கு ஊர் நடுவில் ஒரு சிலை வைத்திருக்கலாம், வார்ப்பிரும்பில் வேண்டாம்.

ஹுவாரெஸுக்கு டெல்லியிலும் ஒரு தங்கை உண்டு. 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகம், 1968-ல் வாங்கி வெகுகாலம் சும்மா கிடந்த ஒரு காமா கதிர்க் கருவியைப் பழைய சாமான்களோடு சேர்த்து ஏலத்தில் விட்டது. அது மாயாபுரி காயலான் கடைகளுக்குப் போய்த் துண்டாடப்பட்டது. ஒரு தொழிலாளி இறந்தார். கிடங்கிலிருந்து காயலான் கடைக்கு, எல்லாம் அதே பாதை. நடுவில் ஒரு ஏலம் மட்டும் கூடுதல்.

இதற்கிடையில் 1991-ல் சோவியத் யூனியன் கடையைக் கட்டியது. பெரிய குடும்பம் பாகம் பிரியும்போது பித்தளை அண்டா யாருக்கு என்று தெரியாமல் போவது சகஜம். இங்கே அண்டாவுக்குப் பதில் யுரேனியம். சம்பளம் வராத விஞ்ஞானிகள், பூட்டு வாங்கக்கூடக் காசில்லாத ஆய்வகங்கள், திடீரென்று முளைத்த பதினைந்து நாடுகளின் எல்லைக்கோடுகள். அமெரிக்கா பதறிப்போய் அந்த எல்லைகளிலெல்லாம் தன் செலவில் கதிர்வீச்சுக் கருவிகளை நட ஆரம்பித்தது. 1998-ல் மாஸ்கோவின் ஷெரமெத்யெவோ விமான நிலையத்தில் தொடங்கிய வேலை அது.

கருவியே இல்லாமல் பிடிபட்டவர் கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. 1999 மே மாதம். பல்கேரியாவின் ருசே நகரில் டான்யூப் நதிப் பாலத்துச் சோதனைச்சாவடி. துருக்கிப் பக்கமிருந்து வந்த ஒரு கார், ருமேனியாவுக்குள் போக வரிசையில் நிற்கிறது. ஓட்டுநரின் முகம் சுங்க அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. மனிதர் காரணமே இல்லாமல் பதறுகிறார். காரைக் குடைந்தார்கள். முதலில் கிடைத்தது யுரேனியம் இல்லை, யுரேனியத்துக்கான காகிதம். யுரேனியம்-235 பற்றிய விவரங்களை எழுதிய பத்திரம் ஒன்றை மனிதர் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்திருக்கிறார்! வாங்குபவன் கேட்பான் இல்லையா, 'சர்ட்டிபிகேட் எங்கே' என்று? தங்கம் வாங்கினால் ஹால்மார்க் கேட்கிறோம். காகிதத்தில் இப்படி எழுதியிருந்தால் சாமானும் எங்கேயோ இருக்க வேண்டும் என்று டிக்கியைத் திறந்து, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைப் பிரித்தார்கள். அதற்குள் ஈயக் குப்பி, அதற்குள் மஞ்சள் மெழுகு, அதற்குள் கண்ணாடிக் குமிழ், அதற்குள் சில கிராம் செறிவூட்டிய யுரேனியம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் அந்த யுரேனியத்தையும் மெழுகையும் காகிதத்தையும் மாதக்கணக்கில் அலசியது. சாமான் எங்கே செய்ததென்று அடித்துச் சொல்ல அவர்களாலும் முடியவில்லை. ஆனால் அது ஈயத்துக்குள் இருந்த விதத்தைப் பார்த்தால், பாலத்தில் கருவி இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்குமா என்பது சந்தேகமே. பிடித்தது சுங்க அதிகாரியின் கண். காட்டிக்கொடுத்தது சர்ட்டிபிகேட். காகிதம் நல்லவர் பக்கம் நின்ற ஒரே அத்தியாயம் இதுதான், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடமே அது பழைய புத்தியைக் காட்டியது. 2000 மார்ச் மாதம் கஜகஸ்தானிலிருந்து உஸ்பெகிஸ்தானுக்குள் நுழையும் கிஷ்ட் குப்ரிக் சாவடிக்கு ஒரு லாரி வருகிறது. ஓட்டுநர் ஈரானியர். சரக்கு பழைய உலோகம். போகும் ஊர் பாகிஸ்தானின் குவெட்டா. சரக்கில் கதிர்வீச்சுப் பிரச்சினை எதுவும் இல்லை என்று கஜகஸ்தான் தரப்பில் கொடுத்த சான்றிதழ் ஓட்டுநர் கையில் இருக்கிறது. யாரும் கேட்காமலே 'என் பையன் ரொம்ப நல்லவன்' என்று சொல்லும் அப்பாவைப் பார்த்தால் நமக்கு ஏதோ உறுத்துமல்லவா? உஸ்பெக் சுங்கக்காரர்கள் இடுப்பில் செருகியிருந்த, அமெரிக்கா கொடுத்த பேஜர் அளவுக் கருவி சான்றிதழைப் படிக்கவில்லை, சத்தம் போட்டது. லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். ஈரான், பாகிஸ்தான், கதிர்வீச்சு என்ற மூன்று சொற்களும் ஒரே செய்தியில் வந்துவிட்டால் பத்திரிகைகளைக் கையில் பிடிக்க முடியுமா? கடைசியில் அது கதிரியக்கம் தொற்றிய பழைய இரும்பு, அவ்வளவுதான் என்று கஜகஸ்தான் சொல்லிப் பார்த்தது. சான்றிதழ் கொடுத்த கை எது என்பதைப் பற்றி அவ்வளவு சத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜார்ஜியா, ஆர்மீனியா எல்லையில் நடந்தது ஒரு தொடர்கதை. 2003-ல் சதாக்லோ சாவடியில் ஒருவர் சுமார் 170 கிராம் செறிவூட்டிய யுரேனியத்தைத் தேயிலை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து, அங்கே அமெரிக்கா நட்டு வைத்திருந்த கருவியிடம் மாட்டினார். பாடம் யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். 2010-ல் அதே ஆர்மீனியாவிலிருந்து இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் பால் வியாபாரத்தில் நொடித்தவர், மற்றவர் இயற்பியல் ஆய்வாளர். ராத்திரி ரயிலைப் பிடித்தார்கள். தேயிலை டப்பாவை விட்டுவிட்டு, உள்ளே ஈயம் ஒட்டிய சிகரெட் பெட்டியில் யுரேனியத்தைப் போட்டார்கள். எல்லைக் கருவி மூச்சு விடவில்லை. யெரெவானிலிருந்து திபிலிசிக்கு ஜோராகப் போய்ச் சேர்ந்து, காத்திருந்த வாடிக்கையாளரிடம் சரக்கைக் காட்டினார்கள். வாடிக்கையாளர் ஜார்ஜியப் போலீஸ். அவர்களுக்குச் சரக்குக் கொடுத்ததாகப் பிடிபட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? 2003-ன் தேயிலை டப்பாக்காரரேதான். தண்டனை முடிந்து வெளியே வந்து கிளை திறந்திருக்கிறார்.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 2001 செப்டம்பருக்குப் பிறகு அந்த நாட்டுக்கு எந்த லாரியைப் பார்த்தாலும் அணுகுண்டாகத் தெரிந்தது. 2002-ல் தொடங்கி எல்லைப் பாலங்களிலும் துறைமுகங்களிலும் ஜோடி ஜோடியாக மஞ்சள் தூண்கள் முளைத்தன. நடுவே லாரி மெதுவாக ஊர்ந்து போக வேண்டும். தூணுக்குள் இருப்பது ஒரு பெரிய பிளாஸ்டிக் பலகை. காமா கதிர் பட்டால் அதில் மின்மினி மாதிரி ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றும். ஒளியை மின்சாரமாக்கும் குழாய் அதை எண்ணும். பக்கத்திலேயே நியூட்ரானைப் பிடிக்க ஹீலியம்-3 வாயு அடைத்த குழாய்கள். பின்னணியில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சைவிட எண்ணிக்கை ஏறினால் மணி அடிக்கும்.

இந்தப் பிளாஸ்டிக்குக்கு எண்ணத் தெரியும், இனம் பிரிக்கத் தெரியாது. கதிர் எந்தப் பொருளிலிருந்து வந்தது என்று அதைக் கேட்டால் விழிக்கும். உலகத்திலோ கதிர் விடாத சரக்கு குறைவு. வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, பொட்டாசியத்தில் துளி கதிரியக்கப் பொட்டாசியம்-40 இருக்கிறது. நீங்கள் சாப்பிடும் ஒரு பழம் ஒன்றும் செய்யாது; ஒரு லாரி நிறையப் பழம் வந்தால் தூண் பதறும். பொட்டாஷ் உரம், கிரானைட் பலகை, தரை ஓடு, கழிப்பறைப் பீங்கான் எல்லாவற்றுக்கும் மணி அடித்தது. மிகப்பெரிய பயங்கரவாதி என்று பெயர் வாங்கியது, பூனைகள் கழிப்பதற்கென்று அமெரிக்க வீடுகளில் தட்டில் கொட்டி வைக்கும் களிமண். அந்த மண்ணில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கும். உலகின் ஒரே வல்லரசின் எல்லைப் படை, பூனையின் கக்கூஸை வழிமறித்துச் சோதித்த வரலாறு இது. பெரிய துறைமுகங்களில் இப்படி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் மணி அடித்தது.

முகாம் விளக்குகளின் மேண்டிலும் இந்தப் பட்டியலில் உண்டு, பழைய மேண்டிலில் தோரியம் இருப்பதால். இதில் நமக்கொரு பூர்வீகப் பெருமை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் கேஸ் விளக்குகள் எல்லாம் தோரியத்தில்தான் பளீரிட்டன. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதில் தோரியம் உள்ள மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மணல் எங்கிருந்து வருகிறது என்று கயிறு பிடித்தே வந்து, 1909-ல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நின்றார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் தெரியாமல், சுங்கத் தீர்வை கட்டாமல், கயிறு என்ற பெயரில் கதிரியக்கப் பொருளை எத்தனையோ வருடம் கடல் கடத்தியிருக்கிறார்கள். தூண் இருந்திருந்தால் மொத்த மாவட்டமும் உள்ளே.

சரக்காவது பரவாயில்லை, மனிதர்களும் மணி அடித்தார்கள். தைராய்டுக்கு அயோடின்-131 சாப்பிட்டவர், இதயத்தைப் படம் பிடிக்கத் தாலியம் ஏற்றிக்கொண்டவர் எல்லாம் வாரக்கணக்கில் கதிர் விட்டுக்கொண்டிருப்பார்கள். பாலத்தைத் தாண்டி மகள் வீட்டுக்குப் போகும் ஒரு தாத்தாவைப் போலீஸ் சூழ்ந்துகொண்டால் அவர் இதயத்துக்கு மறுபடி ஒரு பரிசோதனை தேவைப்படும். இதற்கு என்ன பரிகாரம் கண்டார்கள்? டாக்டர் ஒரு கடிதம் தர வேண்டும்! 'இவர் உடம்பில் இருப்பது மருந்து, குண்டு அல்ல, இப்படிக்கு' என்று. பார்த்தீர்களா, அசுரன் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டான்.

தூண்களுக்கு இன்னொரு சங்கடம். குண்டுக்கு உதவும் உயர்செறிவு யுரேனியம் விடும் காமா கதிர் பலவீனமானது. கொஞ்சம் ஈயத்தைச் சுற்றினால் அடங்கிப்போகும். பூனை மண்ணுக்கு அலறுகிற தூண், ஈயத்துக்குள் உட்கார்ந்த யுரேனியத்தை மரியாதையாக வழியனுப்பி வைக்கும். 2002-ல் ஏபிசி தொலைக்காட்சிக்காரர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். ஓர் அமைப்பிடம் இரவல் வாங்கிய 6.8 கிலோ வலுவிழந்த யுரேனியத்தை ஈயம் ஒட்டிய குழாய்க்குள் வைத்து, சூட்கேஸில் போட்டு, ரயிலிலேயே ஐரோப்பாவைக் கடந்து இஸ்தான்புல்லுக்குப் போனார்கள். அங்கிருந்து கப்பல் கண்டெய்னரில் நியூயார்க். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. சரி, இந்த ஒரு வருடத்தில் திருந்தியிருப்பார்கள் என்று 2003-ல் ஜகார்த்தாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அதே குழாயை அனுப்பினார்கள். அதுவும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தது. அரசாங்கம் உடனே கடுமையான நடவடிக்கை எடுத்தது. யார் மேல்? தொலைக்காட்சிக்காரர்கள் மேல், கடத்தினார்கள் என்று விசாரணை.

பழைய தூணுக்குத்தான் இனம் பிரிக்கத் தெரியவில்லையே, புத்திசாலித் தூண் வாங்கலாம் என்று 2006-ல் மூன்று நிறுவனங்களோடு 100 கோடி டாலருக்கும் மேலான ஒப்பந்தம் போட்டார்கள். பழையது சுமார் 55,000 டாலர், புதியது சுமார் 377,000 டாலர். அவ்வளவு விலைக்குத் தூண் வாழைப்பழத்தை உரித்தும் தர வேண்டும். தேர்வு வைத்தார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ உள்ளே புகுந்து பார்த்தபோது, எந்தப் பொருட்களை வைத்துத் தேர்வு நடக்கப் போகிறதோ அதே பொருட்களை வைத்து நிறுவனங்கள் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துத் தூண்களைச் சரிசெய்துகொள்ள விட்டிருந்தது தெரிந்தது. நம் ஊரில் இதற்கு வினாத்தாள் அவுட் என்று பெயர், மறுதேர்வு வைப்பார்கள். அங்கேயும் வைத்தார்கள். இழுத்து இழுத்து 2011-ல் திட்டத்தைக் கைகழுவினார்கள்.

இதற்குள் பழைய தூண்களுக்கே ஹீலியம்-3 தீர்ந்துபோனது. இது கடையில் கிடைக்கும் வாயு இல்லை. ஹைட்ரஜன் குண்டுகளில் உள்ள டிரிட்டியம் வயதாகிச் சிதையும்போது கிடைப்பது. அணுகுண்டைப் பிடிக்கிற கருவிக்கு அணுகுண்டிலிருந்துதான் சாமான் எடுக்க வேண்டும். பனிப்போர் முடிந்து குண்டுகள் குறைந்ததால் வாயுவும் குறைந்தது, தூண்களோ பெருகின. உலகில் சமாதானம் வந்ததால் பாதுகாப்புக்குத் தட்டுப்பாடு! 2009-ல் தூண்களுக்கு ஹீலியம்-3 கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இத்தனைக்கும் பழைய தூணை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். 2005 டிசம்பரில் அது தன் வாழ்நாளின் மிகச் சிறந்த நாளைக் கண்டது. ஜிஏஓவின் ஆட்கள் மாறுவேடம் பூண்டு இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். வெடித்துக் கதிரியக்கத்தைத் தூவும் 'அழுக்குக் குண்டு' இரண்டு செய்யப் போதுமான கதிரியக்கப் பொருளைக் காரில் வைத்துக்கொண்டு, ஒரு குழு வட எல்லையிலும் இன்னொன்று தென் எல்லையிலும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தது. தூண்கள் இரண்டும் மணி அடித்தன. வாழைப்பழத்துக்கு இல்லை, பூனைக்கு இல்லை, தாத்தாவுக்கு இல்லை, நிஜமான கதிரியக்கப் பொருளுக்கு! அதிகாரிகளும் விதிப்படி ஓடிவந்தார்கள், காரைச் சோதித்தார்கள், கதிரியக்கப் பொருள் இருப்பதை உறுதிசெய்தார்கள். பிறகு காகிதம் கேட்டார்கள். மாறுவேடக்காரர்கள் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமத்தை நீட்டினார்கள். இணையத்தில் பார்த்து, கடையில் கிடைக்கிற சாதாரண மென்பொருளில் அவர்களே தயாரித்த உரிமம். அதிகாரிகள் வாங்கிப் பார்த்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தது, போகலாம் என்று கையசைத்தார்கள். தூண் பேசத் தெரிந்ததாக இருந்தால் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கும். ஆனால் அதற்கும் காகிதம் வேண்டுமே.

போலிக் காகிதத்துக்கே இந்த மரியாதை என்றால் அசலுக்கு எப்படியிருக்கும் என்று அதே அமைப்புக்கு ஆசை வந்தது. 2007-ல் இல்லாத ஒரு கம்பெனியை உண்டாக்கினார்கள். ஆபீஸ் இல்லை, ஆள் இல்லை, மேற்கு வர்ஜீனியாவில் தபால்பெட்டி முகவரி மட்டும் உண்டு. மண்ணின் ஈரம் அளக்கும் கருவிகளுக்காகக் கதிரியக்கப் பொருள் வாங்க வேண்டும் என்று ஆணையத்துக்கு விண்ணப்பித்தார்கள். 28 நாளில் அசல் உரிமம் தபாலில் வந்தது. யாரும் நேரில் வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் தபால்பெட்டியைத் திறந்துதான் பார்த்திருக்க முடியும். உரிமத்தில் இவ்வளவுதான் வாங்கலாம் என்று ஒரு அளவு போட்டிருந்தது. அதை நகலெடுத்து அந்த வரியை அழித்துவிட்டு, இரண்டு வியாபாரிகளிடம் 45 கருவிகளுக்கு விலை பேசி முடித்தார்கள்.

அதே நேரத்தில் மேரிலாந்து மாநிலத்திலும் இன்னொரு போலிக் கம்பெனியின் பெயரில் விண்ணப்பித்திருந்தார்கள். அங்கே உரிமம் கொடுப்பது மாநில அரசு. அங்கிருந்த அதிகாரிகள், ஏழு மாதம் ஆகும், அதற்கு முன் உங்கள் ஆபீசுக்கு ஒருமுறை வந்து பார்க்கவும் வேண்டும் என்று பதில் சொன்னார்கள். தணிக்கையாளர்கள் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.